ஹாப்ஸ் போட்ட கொம்புச்சா கிட்: வேலூர் வெயிலில் தாங்குமா?

சர்க்கரை கலந்த தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம் கொம்புச்சா; ஹாப்ஸ் பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ. இரண்டையும் சேர்த்து வீட்டிலேயே செய்ய விற்கும் கிட் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜாடி நன்று, ஹாப்ஸ் மிக நன்று, பாட்டில்கள் ஆகாது, செய்முறைத் தாளை அப்படியே நம்பக் கூடாது. அந்தத் தாள் 22 முதல் 25 டிகிரி வரை இருக்கும் அறைக்கு எழுதியது. கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழ் உள்ள சமையலறை 34, 35 டிகிரி காட்டும் ஊரில் அதன்படி 14 நாள் வைத்தால், எடுக்கும்போது ஜாடியில் இருப்பது காடிதான். தேநீரைப் புளிக்கவைக்கும் உறையின் அளவு, நாள் கணக்கு, பாட்டிலில் போடும் சர்க்கரை, ஹாப்ஸ் அளவு ஆகிய நான்கையும் மாற்றிக்கொண்டால் இதே கிட் வருடம் முழுக்க வேலை செய்யும்.

இணையத்தில் இது பல பெயர்களில் விற்கிறது. பெட்டியின் மேல் பெயர்தான் மாறும்; உள்ளே இருப்பவை ஏறத்தாழ ஒன்றே. குழாய் வைத்த 4 லிட்டர் கண்ணாடி ஜாடி, பையில் அடைத்த ஸ்கோபி (கொம்புச்சாவின் மேல் படியும் தடித்த ஆடை) ஒன்று, அதனுடன் உறையாக 200 மி.லி. புளித்த கொம்புச்சா, மூடு துணி, ரப்பர் பேண்டு, புளிப்பை அளக்கும் பி.எச். தாள், ஜாடியில் ஒட்டும் வெப்பமானி, கிளிப் மூடி போட்ட அரை லிட்டர் பாட்டில் இரண்டு, 25 கிராம் கேஸ்கேட் ரக ஹாப்ஸ். ஆகவே இது பெட்டிக்குள் இருப்பவற்றுக்கான மதிப்பீடு.

ஹாப்ஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இந்தியா பேல் ஏல் என்ற பீரின் உயிரே இந்தப் பூதான். இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கடலில் மிதந்து இந்தியா வரும் பீர் கெடாமல் இருக்க ஹாப்ஸை அதிகம் போட்டார்கள். பிறகு அந்தக் கசப்பும் வாசமுமே அதற்கு அடையாளமாகிவிட்டன. வீட்டில் பீர் காய்ச்ச தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இடம் தரவில்லை. அந்த வாசம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்குக் கொம்புச்சா நல்ல வழி. சர்க்கரை கலந்த தேநீரில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமும் வாயுவுமாக உடைக்க, அசிட்டிக் வகை பாக்டீரியா அந்தச் சாராயத்தைப் புளிப்பாக மாற்றுகிறது. பீரைப் புளிக்கவிடாமல் காப்பது ஹாப்ஸின் கசப்பு அமிலம். அது லாக்டிக் வகை பாக்டீரியாவைத்தான் அடக்கும், அசிட்டிக் வகையைத் தொடாது. அதனால்தான் புளித்த தேநீரோடு ஹாப்ஸ் சண்டையில்லாமல் சேர்கிறது.

இனி தாளின் முதல் தவறு. 3.5 லிட்டர் தேநீருக்கு 200 மி.லி. உறை போதும் என்கிறது. இது ஆறு சதவீதம்கூட வராது. தயிருக்கு உறைமோர் குறைந்தால் பால் தோய்வதற்கு முன் வேறெதாவது குடியேறுவதுபோல், இங்கே பூசணம் குடியேறும். ஆரம்பத்திலேயே கலவையின் பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5க்குக் கீழே இறங்கியிருந்தால்தான் பூசணத்துக்கு இடமிருக்காது. அதை இறக்குவது மேலே மிதக்கும் தடித்த ஆடை என்று பலர் நினைக்கிறார்கள். ஆடை என்பது பாக்டீரியா நெய்த செல்லுலோஸ்; பாலாடை மாதிரி மேலே படிகிறது, அவ்வளவுதான். வேலை செய்வது கூடவே வரும் புளித்த நீர். ஆடை கிழிந்திருந்தாலும், அடியில் மூழ்கினாலும், இல்லவே இல்லாவிட்டாலும் நல்ல புளிப்புள்ள உறைநீர் போதுமான அளவு இருந்தால் பத்து நாளில் புது ஆடை கட்டிக்கொள்ளும்.

ஆகவே முதல் முறை 3.5 லிட்டர் போடவே கூடாது. 200 மி.லி. உறைக்கு ஒரு லிட்டர் தேநீர் மட்டும் போட்டு, நன்றாகப் புளிக்கவிட்டு, அது முழுவதையும் உறையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கிட் கூரியரில் மூன்று நான்கு நாள் வெயிலில் கிடந்து வந்திருக்கும்; பை உப்பியிருப்பது சகஜம். சிங்க்கில் வைத்து மெல்லத் திறந்தால் போதும். ஆனால் அப்படி வந்த உறையில் ஈஸ்ட் பெருகி, புளிப்பு பின்தங்கியிருக்கும்; முதல் தடவை பானம் குடிக்க ருசிக்காது. கார்த்திகை முதல் மாசிக்குள் வாங்குவது உத்தமம்.

இரண்டாவது தடவையிலிருந்து மூன்று லிட்டருக்கு அளவு இது: தேநீர் 2.5 லிட்டர், உறை 500 மி.லி., சர்க்கரை 200 கிராம், தேயிலை 15 கிராம். தாளில் சர்க்கரைக்குக் 'கப்' என்று போட்டிருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக் கப்பும் ஒரு அளவு, தராசில் நிறுத்துப் போடுங்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எதுவும் முதல் சில தடவைக்கு வேண்டாம். வெள்ளைச் சர்க்கரைதான் கணக்குத் தப்பாமல் நடக்கும். டீக்கடை டஸ்ட் தூள் போடுவதானால் 12 கிராமோடு நிறுத்துங்கள். அதில் துவர்ப்பு சீக்கிரம் இறங்கும். நீலகிரி இலைத் தேயிலை மிகப் பொருத்தம். ஹாப்ஸ் போடப் போகும் ஜாடிக்குப் பாதி கறுப்பு, பாதி பச்சைத் தேயிலை என்று கலந்தால் வாசம் தெளிவாக நிற்கும். மசாலா டீத்தூளும் வாசனை எண்ணெய் சேர்த்த தேயிலையும் கூடவே கூடாது. எண்ணெய்ப் பசை உறையை மெலியவைக்கும்.

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, தேயிலை போட்டு 8 நிமிடம் மூடிவைத்து வடிகட்டி, சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள். அதில் ஃபிரிட்ஜில் குளிர்ந்த ஒன்றரை லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றினால் சட்டென்று 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பேசினில் தண்ணீர் விட்டு அதில் அரைமணி வைத்தால் 30. அதன் பிறகுதான் உறை. அறைச் சூட்டிலுள்ள தண்ணீரை ஊற்றினால் 50 டிகிரியில் நிற்கும். அதில் உறை ஊற்றினால் பாதி செத்துப்போகும். காய்ச்ச எவர்சில்வர் பாத்திரம் போதும். பித்தளை, செம்பு, அலுமினியம், மெருகு பூசிய பீங்கான் எதிலும் இதைப் புளிக்கவைக்கக் கூடாது. புளிப்பு உலோகத்தைக் கரைத்துக் குடிப்பவர் வயிற்றுக்குள் அனுப்பும்.

தண்ணீரைப் பற்றித் தாளில் ஒரு வரிகூட இல்லை. வேலூர்ப் பக்கத்துக்கு இதுதான் பெரிய விஷயம். காவிரி கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதையே கொதிக்கவைத்து ஆறவிட்டால் குளோரின் போய்விடும், தாராளமாகப் பயன்படுத்தலாம். போர் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம். அதிலுள்ள பைகார்பனேட் தேநீரைக் கறுக்கவைத்து மேலே பழுப்புப் படலம் கட்டும், பி.எச். இறங்குவதையும் தாமதப்படுத்தும், அந்தத் தாமதத்தில் பூசணம் முந்திக்கொள்ளும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன கதை ஊரறிந்தது. அங்கே கிணறு, போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பும் குரோமியமும் அப்படியே இருக்கும். 20 லிட்டர் கேன் தண்ணீரோ, வீட்டு ஆர்.ஓ. தண்ணீரோ போதும்.

வெயிலுக்கு வருவோம். மார்கழி, தையில் அறை 24, 25 டிகிரியில் நிற்கும்போது 9 முதல் 11 நாள் பிடிக்கும். ஆடி முதல் ஐப்பசி வரை 28, 30 டிகிரியில் 6, 7 நாள். சித்திரை, வைகாசியில் நான்கே நாள். ஐந்தாம் நாள் தொண்டையைப் பிடிக்கும். மூன்றாம் நாளிலிருந்து தினம் காலையில் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பாருங்கள். இனிப்பும் புளிப்பும் சமமாக நாக்கில் வந்து, இனிப்பு ஒரு பிடி தூக்கலாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பாட்டிலுக்குள் மீதி வேலை நடக்கும்.

நாள் குறைவது மட்டுமே பிரச்சினை என்றால் கவலையில்லை. 32 டிகிரி தாண்டினால் ருசியே மாறிவிடுகிறது: பழவாசம் வராமல் காடி நெடி முன்னே வருகிறது, ஈஸ்ட் திணறி அழுகிய முட்டை வாசம்கூட எழலாம். இதற்கு வீட்டிலேயே மருந்து உண்டு. அகலமான பேசினில் நான்கு விரல் தண்ணீர் விட்டு, ஜாடியை அதில் நிறுத்தி, சுற்றிலும் பருத்தித் துண்டைப் போர்த்தி அதன் நுனி தண்ணீரில் படும்படி விடுங்கள். ஏப்ரல், மே மாதக் காற்றில் ஈரம் குறைவு. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலவே ஜாடியும் 4, 5 டிகிரி இறங்கும். ஒரு எச்சரிக்கை: ஈரத் துண்டு ஜாடியின் வாயை மூடியிருக்கும் துணியைத் தொடக் கூடாது. அது நனைந்தால் பூசணம் அங்கிருந்துதான் தொடங்கும். ஏர் கூலர் காற்று நேராகப் படும் இடமும் அதே காரணத்துக்காக ஆகாது. கீழ்த்தளத்தில், வெயில் படாத வடக்கு அறை இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. அடுப்புப் பக்கமும் பழக்கூடைப் பக்கமும் வேண்டாம்.

பழக்கூடை என்றதும் மூடு துணி ஞாபகத்துக்கு வருகிறது. கிட்டில் வரும் வலைத் துணி மிக மோசம். மாம்பழ சீசனில் மொய்க்கும் பொடி ஈ அதன் கண் வழியாகத் தாராளமாக நுழைந்து முட்டையிடும். ஆடையின் மேல் வெள்ளைப் புழு நெளிந்தால் உறை, பானம் எல்லாவற்றையும் கொட்டத்தான் வேண்டும். பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். சாயம் போகாத குடியாத்தம் லுங்கித் துணியும் நெருக்கமான நெசவு, நன்றாகக் காக்கும். ரப்பர் பேண்டு இந்தச் சூட்டில் இரண்டு மாதத்தில் காய்ந்து அறுந்துவிடும். பாவாடை நாடா போட்டு இறுக்கிக் கட்டிவிடலாம்.

பி.எச். தாளும் பயனில்லாதது. 1 முதல் 14 வரை காட்டும் தாளில் 3க்கும் 3.5க்கும் நிறம் பிரித்தறிய முடியாது, தேநீர் நிறமும் சேர்ந்து குழப்பும். 0 முதல் 6 வரை காட்டும் தாள் தனியாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். உறை ஊற்றியதும் 4.5க்குக் கீழ், எடுக்கும்போது 2.8க்கும் 3.4க்கும் இடையில் என்பது குறி. 2.5க்குக் கீழே போய்விட்டால் குடிக்க வேண்டாம்; அடுத்த தடவைக்கு அருமையான உறை அது. வெப்பமானி சரியாகவே காட்டுகிறது, ஆனால் ஈரத் துண்டுக்கு அடியில் ஒட்டினால் கண்ணாடியின் குளிர்ச்சியைத்தான் சொல்லும், நடு ஜாடி ஒரு டிகிரி கூடவே இருக்கும்.

ஜாடியின் கண்ணாடி தடிமனானது, வாய் அகலம், கை உள்ளே போகும். கவனிக்க வேண்டியது குழாயை. வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்பக்க நட்டு முலாம் பூசியதாக இருந்தால் நான்கைந்து தடவையில் முலாம் உரிந்து பானத்தில் உலோகச் சுவை ஏறும். உறை ஊற்றும் முன் கழற்றிப் பாருங்கள். நல்ல எவர்சில்வர் குழாயோ, உணவுக்கான பிளாஸ்டிக் குழாயோ மாற்றிக்கொள்ளலாம். ஈஸ்ட் இழை அடைத்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு தடவையும் பிரித்துக் கழுவ வேண்டும்.

ஹாப்ஸ் பொட்டலத்தைக் கத்தரித்ததும் பச்சை நிறத்தில் மாட்டுத் தீவன வில்லை போலச் சிறுசிறு உருளைகள் விழும். ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குங்கள். பிசின் ஒட்டும், முதலில் பம்பளிமாஸ் தோல், பின்னாலேயே அறுத்த புல், கடைசியில் லேசாகத் தனியா. அந்தத் தனியா வாசம் தற்செயல் கிடையாது. கொத்தமல்லி விதையின் வாசத்துக்குக் காரணமான லினலூல் ஹாப்ஸ் எண்ணெயிலும் இருக்கிறது. கேஸ்கேட் அமெரிக்காவில் 1972-இல் வெளிவந்த ரகம். பேல் ஏலுக்கு அந்நாட்டில் கிச்சிலி வாசம் வந்தது இதனால்தான். பழைய சீஸ், ஈரச் சாக்ஸ் மாதிரி நெடி அடித்தால் கெட்டுப்போனது, தயங்காமல் எறிந்துவிடுங்கள். கேஸ்கேட் சூட்டில் வேகமாகக் கெடும் ரகம். பிரித்த பொட்டலத்தில் காற்றை அழுத்தி வெளியேற்றி, மடித்து ஒட்டி, ஃபிரீஸரில் வைக்க வேண்டும்.

தாளின் பெரிய தவறு இங்கேதான். ஹாப்ஸை ஜாடியிலேயே, லிட்டருக்கு 8 கிராம், ஐந்து நாள் போடச் சொல்கிறது. கலங்கலான பேல் ஏலுக்குப் போடும் அளவு அது. கொம்புச்சாவில், பீரில் இருப்பதுபோல் மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) இனிப்பு இல்லை, புளிப்பு உண்டு. அத்தனை ஹாப்ஸ் போட்டால் பச்சிலைச் சாற்றைக் குடிப்பது போல நாக்கு வறண்டுவிடும். மேலும் ஜாடியில் போட்டால் பிசின் ஆடையில் ஏறி, உறை முழுக்க ஹாப்ஸ் வாசமாகிவிடும், பிறகு அந்த உறையிலிருந்து வேறு எதுவும் செய்ய முடியாது. தேநீரோடு சேர்த்துக் கொதிக்கவைப்பது அதைவிடத் தவறு. ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலம் கொதித்தால்தான் கசப்பாக மாறும்; பீருக்கு அது தேவை. புளிப்போடு அந்தக் கசப்பு சேர்ந்தால் நிலவேம்புக் கஷாயத்தில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருக்கும். கொதிக்கவிடாமல் குளிரிலேயே ஊறவைத்தால் கசப்பு ஏறாது, எண்ணெயின் வாசம் மட்டும் இறங்கும்.

சரியான முறை இது. புளித்த கொம்புச்சாவில் அடுத்த தடவைக்கு 500 மி.லி. உறையை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். மீதியை வேறொரு கண்ணாடி ஜாடிக்கு மாற்றி ஓர் இரவு ஃபிரிட்ஜில் குளிரவிடுங்கள். மறுநாள் லிட்டருக்கு 3 கிராம் ஹாப்ஸ் போட்டு, மூடியை இறுக்காமல் 48 மணி நேரம் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். வில்லைகள் முதலில் மிதந்து, உடைந்து, பச்சைச் சேறாக அடியில் இறங்கும். கலக்காமல் மேலே தெளிந்ததை வேட்டித் துணியில் வடித்து பாட்டிலில் ஊற்றுங்கள். வாயு ஏறிய பானத்தில் வில்லையைப் போடுவது ஆபத்து. ஒவ்வொரு துகளும் குமிழியைக் கிளப்பி நுரை கூரையைத் தொடும். இன்னும் ஒரு கிராம் கூட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் 4 கிராம் வரை தாங்கும். 5 கிராமில் தொண்டை கரகரக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் தனியாவை ஒன்றிரண்டாக இடித்து ஹாப்ஸோடு சேர்த்துப் பாருங்கள், பம்பளிமாஸ் வாசம் தூக்கிக் காட்டும். வீட்டில் நாய் இருந்தால் வடித்த சக்கையைக் குப்பைக்கூடையில் திறந்து போடாதீர்கள். ஹாப்ஸ் நாய்க்கு நஞ்சு. காய்ச்சல் ஏறி உயிரே போகலாம்.

பாட்டில் விஷயத்தில் கிட் செய்திருப்பது மன்னிக்க முடியாத தவறு. அழகுக்காகச் சதுரப் பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். அழுத்தம் சதுரத்தின் மூலைகளில் குவியும், வெடிப்பது அங்கேதான். அதோடு ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு நான்கு நாள் வெளியில் வைக்கச் சொல்கிறது தாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால் ஒரு லிட்டர் பானத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு கரையும். சோடாவில் இருப்பது மூன்று நான்கு லிட்டர். இனிப்பு மிஞ்சியிருக்கும்போது எடுத்த கொம்புச்சாவில் ஏற்கெனவே லிட்டருக்கு 40 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். மேற்கொண்டு ஒரு ஸ்பூன் போடுவது பட்டாசுக்குத் திரி வைப்பதுதான். சர்க்கரையே வேண்டாம். கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு மூடி, வெயில் காலத்தில் 24 மணி நேரம், குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள் வெளியில் வைத்து, உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

கோலி சோடா பாட்டில் உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. அழுத்தம் தாங்கத்தான் செய்யும். ஆனால் அதன் கோலி வாயை அடைக்க, தலைகீழாக வாயு ஏற்றும் இயந்திரம் வேண்டும், உள்ளே பிரஷ்ஷும் நுழையாது. புதிதாகச் செய்பவர்களுக்கு வாயு பானம் வந்த காலி பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலே நல்லது. விரலால் அழுத்திப் பார்த்துக் கல்லாக இறுகிவிட்டதும் ஃபிரிட்ஜில் வைக்கலாம். தவறினாலும் கண்ணாடிச் சில்லு பறக்காது. கண்ணாடிதான் வேண்டுமென்றால் உருண்டையான, தடித்த, வாயு பானத்துக்கென்றே செய்த பாட்டில் வாங்குங்கள்.

பூசணத்தை அடையாளம் காண்பதில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஆடைக்குக் கீழே தொங்கும் பழுப்பு இழை ஈஸ்ட். வெள்ளையாக, வழுவழுப்பாகப் படர்வது புது ஆடை. இரண்டும் நல்லவை. மேல்பரப்பில், உலர்ந்து, பஞ்சுபோல் வட்டமாக எழுந்து, பச்சை, கறுப்பு, வெள்ளை எந்த நிறத்தில் இருந்தாலும் அது பூசணம். சுரண்டி எடுத்துவிட்டுக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உறையோடு சேர்த்து எல்லாவற்றையும் கொட்டி, ஜாடியை வெந்நீரில் கழுவி, புது உறை வாங்குவதைத் தவிர வழியில்லை. இதற்காகவே ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு கால் லிட்டர் உறையைத் தனிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் காப்பாகப் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

பெட்டியில் 'ஆல்கஹால் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பது சரியில்லை. ஈஸ்ட் இருக்கும் இடத்தில் சாராயம் சிறிதாவது இருக்கும். வீட்டுக் கொம்புச்சாவில் அரை சதவீதத்தைத் தாண்டுவது எளிது. பாட்டிலில் நாள் கூடக் கூட அதுவும் கூடும். குறைந்த நாள், கூடுதல் சர்க்கரை இல்லாமை, உடனே குளிர் என்ற மூன்றும் அதைக் கட்டுக்குள் வைக்கும். மது அறவே தொடாதவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகம், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். சிகிச்சைக்காக வேலூர் வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் நிறைய. உறுப்பு மாற்று, புற்றுநோய் மருந்து என்று எதிர்ப்புச் சக்தி குறைந்த நிலையில் இருப்பவர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது, எவ்வளவு அன்போடு கொடுத்தாலும். மற்றவர்கள் முதல் வாரம் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று லிட்டருக்குத் தேயிலையும் சர்க்கரையும் இருபது ரூபாய்க்குள் அடங்கும். ஆகவே செலவு முழுவதும் கிட்டில்தான். அகல வாய்க் கண்ணாடி ஜாடி வீட்டில் இருந்தால் கிட் அவசியமே இல்லை. தெரிந்தவர் வீட்டிலிருந்து அரை லிட்டர் உறை வாங்கிக்கொண்டு, ஹாப்ஸை மட்டும் இணையத்தில் தனியாக வாங்குங்கள். இரண்டும் இல்லாதவர்களுக்கு இந்த கிட் நல்ல தொடக்கம். பாட்டில், பி.எச். தாள், துணி மூன்றையும் கூடவே மாற்றுவதானால் மட்டும்.

ஹாப்ஸ் வாசம் ஃபிரிட்ஜில் பத்து நாளுக்குமேல் நிற்காது, அதற்குள் குடித்துவிட வேண்டும். நன்றாகக் குளிர்ந்த பிறகே மூடியைத் திறந்து, டம்ளரைச் சாய்த்து மெல்ல ஊற்றுங்கள். பாட்டிலின் அடியில் ஒரு விரல் கலங்கல் இருக்கும். அதை டம்ளருக்குள் விடாமல் நிறுத்திவிடுங்கள். துவர்ப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.